உமிக்குவியலும் செவ்வாய் மலையும்

எரிமலை என்னும் சொல்லை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் சினத்துக்கு உவமையாகவே விளக்கி வந்தவன் நான். அப்படியொரு நாளில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, செவ்வாயில் இமயத்தைவிட உயர்ந்த எரிமலை இருக்கிறதாமே, அது எப்படி அவ்வளவு பெரிதாயிற்று?" என்று வினவினாள். "அதை அறிவியல் துறையில் போய்க் கேளம்மா" என்றேன். வகுப்பு சிரித்தது, அவள் தலைகுனிந்து அமர்ந்தாள். மாலையில் பேருந்தேறிப் புதுவயல் வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு என்னைக் குடைந்தது.

விடையைத் தேடிப் படித்தேன். 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்த நம் மங்கள்யான், மறு ஆண்டில் ஆர்சியா மான்ஸ் என்னும் எரிமலையைப் படமெடுத்து அனுப்பியது. அதன் அடிவட்டம் 435 கிலோமீட்டர். ஏறத்தாழச் சென்னையிலிருந்து மதுரை வரை ஒரே மலை! அத்திட்டத்தின் இயக்குநர் சுப்பையா அருணன் நெல்லைச் சீமைக்காரர் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். ஒலிம்பஸ் மான்ஸ் இதனினும் பெரிது. உயரம் சுமார் 22 கிலோமீட்டர்.

காரணம் விளங்கியபோது என் அத்தா நினைவுக்கு வந்தார். எங்களூர் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதியவர் அவர். ஆலையின் பின்புறம் உமி கொட்டும் குழாய்க்கடியில் குவியல் மலைபோல் வளரும். குழாய்க்கடியில் வண்டியை நிறுத்தி மெல்ல நகர்த்தினாலோ, சிறுசிறு குவியல்கள் வரிசையாக விழும். நிலவுலகின் மேலோடு அந்த வண்டியைப் போன்றது. அடியிலுள்ள அனல் ஊற்று நின்ற இடத்திலேயே நிற்க, ஓடு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அதனால்தான் ஹவாய்த் தீவுகள் வரிசையாய் அமைந்தன. செவ்வாயின் ஓடு அவ்வாறு நகர்வதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே இடத்தில் குழம்பு வழிந்து, படிந்து, மலை ஓங்கியது. ஈர்ப்பும் அங்கே குறைவாதலால் அம்மலை தன் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: உமி செங்குத்தாகக் குவியும், அந்தக் குழம்போ நோன்புக் கஞ்சிபோல் பரந்தோடும். ஆகவே சரிவு மிக மென்மையானது. அதன்மேல் நிற்பவனுக்குத் தான் மலைமேல் நிற்பதே தெரியாது.

மறுவாரம் வகுப்பில் முதலில் அவளிடம் பிழைபொறுக்கக் கேட்டேன்; பிறகு இதைச் சொன்னேன். சிறிய கோளாதலால் செவ்வாயின் உள்வெப்பம் விரைவில் தணிந்தது, கிண்ணத்துக் கஞ்சி அண்டாக் கஞ்சிக்கு முன்னே ஆறுவதைப்போல, என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அப்படியானால் வியாழனின் துணைக்கோள் அயோ நம் நிலவளவுதானே, ஐயா? அதில் இன்றும் எரிமலைகள் சீறுகின்றனவே?"

நல்லவேளை, அதையும் படித்திருந்தேன். 1979இல் வாயேஜர் 1 கண்டறிந்த செய்தி அது. வியாழன் ஒருபுறமும் உடன்பிறந்த துணைக்கோள்கள் மறுபுறமும் இழுக்க, அயோ ஓயாமல் நெளிகிறது. அந்த நெளிவே வெப்பமாகிறது என்றேன். அவள் முகத்தில் ஐயம் தீரவில்லை.

மறுநாள் கட்டுக்கம்பித் துண்டொன்றைக் கொண்டுவந்து, ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தி, என் மேசைமேல் வைத்தாள். "தொட்டுப் பாருங்கள், ஐயா" என்றாள். சுட்டது.