பாளை வெடித்த அன்றைக்கே

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்வதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பூர் மாவட்டத்துக்குப் பனியனைப் போலவே தேங்காய் எண்ணெயும் பிழைப்பு. அந்த எண்ணெய்க்கான மரம் எப்படி உருவாகிறது என்று பார்க்க உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே போனேன். தென்னை வளர்ச்சி வாரியத்தின் விதைப் பண்ணை உள்ள தளி இந்தப் பக்கம்தான். நான் போனது ஒரு தனியார் நாற்றுத் தோட்டத்துக்கு.

நெட்டை வகைத் தென்னையின் பருப்பு கெட்டியானது, எண்ணெயும் அதிகம். ஆனால் காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். குட்டை வகை மூன்று நான்கு ஆண்டில் காய்த்துவிடும். அதன் பருப்போ தோல் மாதிரித் துவளும். இரண்டையும் கலந்து முதன்முதலில் கன்று எடுத்தவர் தென்னை ஆராய்ச்சியாளர் ஜே.எஸ்.படேல். 1932இல், அன்றைய சென்னை மாகாணத்து நீலேஸ்வரத்தில். பட்டாணியில் மெண்டல் கண்ட அதே வழிதான். பட்டாணிக்கு ஒரு பருவம் போதும். தென்னையில் ஒரு கலப்பின் பலனைக் கண்டு முடிக்கவே ஆராய்ச்சியாளரின் பாதி உத்தியோகம் ஓடிவிடும்.

நான் போன தோட்டத்தில் தாய்மரம் சாவக்காடு ஆரஞ்சுக் குட்டை. பாளை வெடித்ததும் ஏறி, ஆண் பூக்களை ஒன்றுவிடாமல் உருவி எறிந்து, துணிப் பை கட்ட வேண்டும். குரும்பையின் நுனியில் தேன் கசியும் நாட்களில், நெட்டை மரத்திலிருந்து எடுத்து உலர்த்திச் சலித்த மகரந்தத்தைத் தூவ வேண்டும்.

"பாளை வெடிச்ச அன்னைக்கே ஏறோணும் தம்பி. ஒரு நாள் விட்டா தேனீ முந்திக்கும்" என்றார் மரமேறும் பெரியவர். எது பக்குவமான குரும்பை என்று கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு பார்வையில் சொன்னார்.

காய் முற்றப் பதினோரு, பன்னிரண்டு மாதம். அதன்பின் தீர்ப்பு சொல்பவர்கள் நாற்றங்காலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். முளையின் காம்பு ஆரஞ்சாக இருந்தால் பிடுங்கிப் போடுகிறார்கள். பழுப்பாக இருந்தால் வைத்துக்கொள்கிறார்கள். ஆரஞ்சுத் தாயிடம் சிவப்புக்கான மரபணு உண்டு, பச்சைக்கானது இல்லை. நெட்டைத் தகப்பனிடமிருந்து பச்சை வந்து சேர்ந்தால்தான் காம்பு பழுப்பாகும். ஆரஞ்சு என்றால் மரம் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டது என்று பொருள். பரிசோதனைக் கூடமே தேவைப்படாத இந்தச் சோதனை என்னை மிகவும் கவர்ந்தது.

பெரியவரின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மரம் ஏற அவர் வரப்போவதில்லை. நிழலில் உட்கார்ந்து வாரக் கூலி வாங்கும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நல்ல கலப்பினக் கன்று கிடைப்பதில்லை என்று விவசாயிகள் அலைவதற்கு, அறிவியலைவிட இந்தக் கைகள் குறைவதே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பாளை அறிந்து ஏறுபவரின் கூலி வெறும் காய் பறிக்கும் கூலியாக இருக்கக் கூடாது.

தோப்பு வைப்பவர்களுக்கு ஒன்று. கலப்பின மரத்துக் காயை விதைக்கு எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, மரத்துக்கு மரம் வேறாக நிற்கும். கன்று வாங்கும்போது தாய்மரம் எது என்று கேளுங்கள். விலை சற்றுக் கூடினாலும் கொடுங்கள்.