வயல் மண்ணைக் காக்கும் சாம்பல் கல்

எங்கள் மதரஸாவின் மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டியிருந்தது. பழைய கட்டடம், கீழ்ச்சுவர் அதிகப் பாரம் தாங்காது என்றார் கொத்தனார். எடை குறைந்த கல்லைத் தேடி, நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி செல்லும் பேருந்தில் ஏறினேன்.

தோவாளையின் பூமணத்தைக் கடந்ததும் பச்சை வயல்கள். இடையிடையே புகையும் செங்கற்சூளைகள். ஒரு செங்கல்லுக்கு ஏறத்தாழ 3 கிலோ மண் வேண்டும். குளத்து வண்டலும் வயலின் மேல்மண்ணுமே அதற்கு இரையாகின்றன. நாஞ்சில் நாட்டை நெற்களஞ்சியமாக்கிய மண் அல்லவா அது! அம்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். வெட்டியெடுக்க ஒரு பகல் போதும்.

சாலையோரத்தில் சாம்பல் கல் செய்யும் களம் ஒன்றைக் கண்டு இறங்கினேன். அங்கே சூளையும் இல்லை, புகையும் இல்லை. 1979-இல் இயங்கத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலே மூலப்பொருள். அதனுடன் பாறைத்தூள், சுண்ணாம்பு அல்லது சிமெண்ட், ஜிப்சம் ஆகியவற்றைக் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி அச்சிடுகின்றனர். பின்னர் இரண்டு, மூன்று வாரம் நீர் தெளித்தால் கல் இறுகிவிடுகிறது.

நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பலாகவே எஞ்சும். கொட்டிவைத்தால் காற்றும் நீரும் கெடும். எனவேதான் அனல்மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செய்யப்படும் செங்கல்லில் சாம்பல் சேர்க்க வேண்டுமென மத்திய அரசு 1999-இல் ஆணையிட்டது. அந்த எல்லை 2003-இல் 100 கிலோமீட்டராகவும், 2016-இல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது.

ஆவலுடன் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். செங்கல்லைவிட இலேசாக இல்லை! களத்துப் பெரியவர் சிரித்தார். "பாய், இது மண்ணைக் காக்கும் கல். பாரம் குறைக்கும் கல் வேறு" என்றார்.

அந்த வேறு கல்லுக்கும் சாம்பலே அடிப்படை. சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்ட் கலவையில் சிறிதளவு அலுமினியத் தூளைச் சேர்த்தால், ஆப்ப மாவைப் போல் அது பொங்கி எழும். அதை வெட்டி, ஆலையில் அழுத்தமான நீராவியில் வேகவைக்கின்றனர். ஏ.ஏ.சி. கல் என்பது கடைவழக்கு. ஒரு கனமீட்டர் செங்கல் 1,600 கிலோவுக்கு மேலிருக்க, இது ஏறத்தாழ 600 கிலோதான். ஆனால் நீரை உறிஞ்சும், அடித்தளத்துக்கு ஆகாது.

திரும்பி வந்து நிர்வாகிகளிடம் விவரித்தேன். மாடியறைக்கு ஏ.ஏ.சி. கல், சுற்றுச்சுவருக்குச் சாம்பல் கல் என முடிவாயிற்று. பிள்ளைகள் ஓதும் அறைக்காக யாருடைய வயலும் பள்ளமாக வேண்டியதில்லை. மண்ணும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்தானே!