பிறேக் ஒயில்

லண்டனில் வாழும் என் தங்கையின் மகன் பழைய மஸ்டா எம்.எக்ஸ்-5 கார் ஒன்றை வாங்கியிருந்தான். பிராண்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதையில் முதன்முறையாக ஓட்டப்போவதாகத் தொலைபேசியில் சொன்னான். பந்தயமல்ல, கட்டணம் செலுத்திச் சொந்தக் காரை ஓட்டிப் பழகும் நாள். எஞ்சினின் வலுவைக் கூட்டக் காசும் சேர்த்திருந்தான்.

"தம்பி, பிறேக் ஒயில் எப்ப மாத்தினனீ?"

"தெரியேல்லை மாமா."

1998 இல் செய்தி சேகரித்துவிட்டு நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கியபோது, நான் ஓட்டிய அலுவலகக் காரின் பிறேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. முதலாம் கியரும் கைப்பிறேக்கும் ஒரு மண்திட்டும் எங்களைக் காத்தன. காரணத்தைப் பின்னரே அறிந்தேன். பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டொட் 4 வகை, புதிதாயின் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறியபின் தரநியமம் கோருவது 155 பாகை மட்டுமே. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, குமிழ் அமுங்கும். பிராண்ட்ஸ் ஹட்சின் முதல் வளைவான பாடொக் ஹில்லும் சரிந்து இறங்குவதுதான்.

எஞ்சினை விட்டுவிட்டான். ஒயிலை மாற்றி, வெப்பந்தாங்கும் பிறேக் பாட்களைப் பூட்டி, சில்லு நட்டுகளை உரிய அளவுக்கு இறுக்கினான். ரயர் சூடேறக் காற்றழுத்தமும் ஏறுமென்பதால், திரும்பிய ஒவ்வொரு தடவையும் அளந்தானாம். பிறேக் கொதிக்கும்போது கைப்பிறேக்கை இழுத்து நிறுத்தாதே என்றும் சொல்லியிருந்தேன். வழமையான காப்புறுதி அநேகமாக ஓடுபாதையில் செல்லாது என்பதை அவனே கண்டுபிடித்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நள்ளிரவு தாண்டி அழைத்தான்.

"மிதி கடைசிவரைக்கும் இறுக்கமா நிண்டது மாமா."