கதை சொன்னவரும் தோற்றவர்தான்

கஷ்டம் வந்தால் கடவுள் நினைப்பு தானாக வரும் என்று சொல்வார்கள். எழுபதைத் தாண்டிய இந்த வயதுவரை நான் பார்த்தது அப்படி இல்லை, மக்களே. அடி விழுந்ததும் கோயிலைத் தேடி ஓடியவர்கள் உண்டு. கோயில் இருக்கிற தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனவர்களும் உண்டு. ஒரே அடிதான் இரண்டு பேருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார், வந்தவர் என்ன சொன்னார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நம்ம குமரி மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் பக்கம் நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர் நீலகண்டன். வசதியான குடும்பம், திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம். பிறகு ஆடுமாடுகள் செத்தன, விளைச்சல் போயிற்று, சொத்து கரைந்தது என்று அவர் வரலாறு சொல்கிறது. மனம் உடைந்து நின்ற அவரிடம், என்ன விஷயம் என்று கேட்டவர் டிலனாய்.

டிலனாய் யார் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனித் தளபதி. பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். ஊர் திரும்பவே இல்லை. 1777இல் இறந்தார், உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. தோல்வி, சிறை, தூரதேசம் என்று எல்லாம் பட்ட அந்த மனிதர்தான் நீலகண்டனுக்குப் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். வாழ்க்கையில் ஒன்றையும் இழக்காத ஒருவர் அதே கதையைச் சொல்லியிருந்தால் நீலகண்டன் காது கொடுத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

யோபு கதையை நம்மில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்: சொத்தையும் பிள்ளைகளையும் இழந்தும் பொறுமையாக இருந்தார், எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது. அந்தப் புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். 42 அதிகாரங்களில் பெரும்பகுதி சண்டையும் புலம்பலும்தான். பிறந்த நாளையே யோபு சபிக்கிறார்; கடவுளிடம் வழக்காடுகிறார். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். அவர் கோலத்தைப் பார்த்து ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கடவுளின் கோபம் புலம்பிய யோபுவின் மேல் விழவில்லை, நியாயம் பேசிய நண்பர்கள் மேல் விழுந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆடும் ஒட்டகமும் இரட்டிப்பாகின. பிள்ளைகள் பழையபடி ஏழு மகன், மூன்று மகள். புதிதாகப் பிறந்தார்கள், செத்துப்போன பத்துப் பேரும் திரும்பி வரவில்லை. ஏன் இதெல்லாம் நடந்தது என்பதற்கும் யோபுவுக்குக் கடைசிவரை விளக்கம் கிடைக்கவில்லை. தன்னோடு கடவுள் பேசினார் என்பது ஒன்றுதான் கிடைத்தது. அது அவருக்குப் போதுமாக இருந்தது.

பேசாமல் கூட உட்கார்ந்திருப்பதுதான் உதவும் என்ற பாடத்தைச் சுனாமிக்குப் பிறகு நான் கண்ணால் பார்த்தேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மணக்குடியில் பாலமே பெயர்ந்து போயிற்று. குளச்சலில் மொத்தமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கடற்கரை ஊர் ஒன்றில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ஒரு வள்ளக்காரர் இருந்தார். 'பாலன் பிறந்த மறுநாளே எம் பிள்ளைய எடுத்திட்டாரே' என்று சொல்லிக் கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள், இது தேவ சித்தம் என்றார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அந்த ஊர் உபதேசியார் மட்டும் சாயங்காலமானால் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவார். செபம் சொல்ல மாட்டார், ஆறுதல் சொல்ல மாட்டார். வள்ளக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பார். இவர் வலை ஊசியில் நைலான் நூலைச் சுற்றிச் சுற்றி நிரப்பிக் கையில் கொடுப்பார். ஒரு ஊசி தீர்ந்தால் அடுத்தது. மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒருநாள் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் கேட்டாராம்: 'உபதேசியாரே, பிள்ளைக்குப் பேர் சொல்லி ஒரு பூசை வைக்கணும். சாமியார்ட்ட சொல்லுவீரா?'

அழுகை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் அழத்தான் செய்தார். ஆனால் கடலுக்குப் போனார். தன்னைப் போலவே பறிகொடுத்த ஒரு பையனை வள்ளத்தில் சேர்த்துக்கொண்டு தொழில் சொல்லிக் கொடுத்தார். புது வாழ்வு என்று நாம் பெரிதாகச் சொல்கிறோமே, அதன் முகம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

நீலகண்டன் கதைக்கு வருவோம். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் சொத்து திரும்பியதா? இருந்த உத்தியோகமும் போயிற்று. சாதி பார்க்காமல் எல்லா மனிதரும் சமம் என்று பேசினார். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியமா? 1749இல் பிடித்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மூன்று வருடச் சித்திரவதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. 2022 மே 15இல் ரோமையில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். மாடு செத்ததற்கே உடைந்துபோன மனிதர், உயிர் போகும் நேரத்தில் உடையவில்லை. விசுவாசம் அவருக்குச் செய்தது இதுதான்.

அதனால் உங்களிடம் சொல்கிறேன். வேலை போய்விட்டதா, பரீட்சை கைவிட்டதா, வீட்டில் ஒரு சாவா, மனசுக்குப் பிடித்தவர் விலகிவிட்டாரா? இத்தனை நாள் உபவாசம் இரு, இவ்வளவு காணிக்கை போடு, எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று மேடையில் கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள். யோபுவின் நண்பர்களும் கடவுளை அப்படிக் கணக்குக்குள் அடைக்கப் பார்த்தவர்கள்தான். கோபம் வந்தால் கடவுளிடமே கோபப்படுங்கள். யோபு பட்ட கோபத்தைத் தாங்கியவர் உங்களுடையதையும் தாங்குவார். செபம் வரவில்லை என்றால் குருசடிப் படியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தனியாக மட்டும் கிடக்காதீர்கள். அடிபட்டு எழுந்த பெரியவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரிடம் போய்ப் பேசுங்கள். இரவில் தூக்கம் போய், சாகலாம் என்ற நினைப்பு வந்தால் செபத்தோடு நிறுத்தாமல் டாக்டரையும் பாருங்கள். மருத்துவமும் கடவுள் கொடுத்ததுதான்.

எழுந்து நின்ற பிறகு ஒரு கடன் இருக்கிறது. நீங்கள் பட்டது வீண் போகக் கூடாது. இன்னொரு வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டால், என்ன சொல்வது என்று யோசித்துத் தயங்கி நிற்காதீர்கள். போய் உட்காருங்கள். அங்கே என்ன வேலை கிடக்கிறதோ அதைக் கையில் எடுங்கள். தெரிந்த கதை இருந்தால், அவர்கள் கேட்கும்போது சொல்லுங்கள்.