ஏட்டு எழுதிய பெயர் எதுவரை போகிறது?

பழையசீவரம், மாட்டுப் பொங்கல் கழிந்த வாரம்.

காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு மலைக்கு வந்து, பாலாறு கடந்து திருமுக்கூடல் போய்த் திரும்பிவிட்டார். திருவிழாவுக்கு முன்பே, சாதாரண உடையில் ஒரு காவலர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருந்தார். எந்தத் தெருவுக்கு எந்தத் தெரு ஆகாது, போன வருஷம் கைகலப்பில் யார் யார் இருந்தார்கள். தனிப்பிரிவுக் காவலர். ஸ்டேஷன் எல்லைக்குள் நடப்பதைக் காதில் வாங்கி மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. சாதிச் சண்டையும் மணல் கடத்தலும் இப்படித் தெரியவந்துதான் தடுக்கப்படுகின்றன. வேண்டிய வேலைதான். அவர் குறித்துக்கொண்ட பெயர் அடுத்து எங்கே போகிறது, எத்தனை காலம் அங்கே இருக்கிறது என்பதுதான் என் கவலை.

*

முன்பு ஸ்டேஷன் ரைட்டரின் நோட்டோடு நின்ற விஷயம் இப்போது நிற்பதில்லை. நாட்டின் காவல் நிலையங்களையெல்லாம் ஒரே வலையில் இணைக்கும் சிசிடிஎன்எஸ் திட்டத்துக்கு 2009-இல் ஒதுக்கிய தொகை ரூ.2,000 கோடி. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு உருவான நாட்கிரிட், பல துறைகளின் தகவலை உளவு அமைப்புகளுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு. 2011-லேயே அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிவிட்டார்கள். 2022-இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி கைரேகை, கருவிழிப் பதிவு போன்றவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தமிழகக் காவல்துறை 2021-இல் முகம் அறியும் மென்பொருளைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அதற்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டார்.

*

தெரிந்த பையன் ஒருவன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிட்டத்தட்ட உறுதி. போலீஸ் வெரிஃபிகேஷன் சான்று கேட்டார்கள். பத்தொன்பது வயதில் ஊர்த் தகராறில் எழுதப்பட்ட அடிதடி வழக்கு அதில் வந்து நின்றது. இரு தரப்பும் சமாதானமாகி, கோர்ட்டில் எப்போதோ முடிந்த வழக்கு. அடித்தவனும் அடிபட்டவனும் இன்று ஒரே டீமில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஊர் மறந்துவிட்டது, கணினி மறக்கவில்லை. வேலைக்கு வரச் சொல்லி அழைப்பு வரவே இல்லை. இவனைப் போல எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்காதவரை, இது ஒருவனுடைய கெட்ட நேரம் என்று சொல்லிவிட முடியாது.

*

பட்டியலில் பெயர் ஏறுவது என்ன செய்யும் என்பதை நம் மண் பார்த்திருக்கிறது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு. ராத்திரி சொந்த வீட்டில் படுக்க முடியாமல் ஸ்டேஷனில் படுத்த தலைமுறை அது. சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. சந்தேகப்படும் பழக்கம் அதோடு போகவில்லை. வட தமிழ்நாட்டில் திருட்டு நடந்தால், கேள்வி முதலில் இருளர் குடிசைக்குப் போவதைப் பலரும் எழுதியாகிவிட்டது. பின்தங்கிய சமூகத்தார் பெயரை இயந்திரம் போல ஹிஸ்டரி ஷீட் எனும் சந்தேக நபர் பதிவேட்டில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி ஏறிய பெயர்கள் இன்று வலைக்குள் போகின்றனவா? போனால், திரும்ப எடுக்க வழி உண்டா?

*

1962-இன் கரக் சிங் வழக்கே ஹிஸ்டரி ஷீட்டும் போலீஸ் கண்காணிப்பும் பற்றியதுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் அன்று சொன்னதை, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் தள்ளினார்கள். அரசு அந்தரங்கத்தில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவாக இருக்க வேண்டும். அளவு மிஞ்சியதா இல்லையா என்று அளந்தவர் யார்? ஆய்வு இல்லாமல் நீதிமன்றமும் இருட்டில்தான் எடைபோடும்.

*

லண்டன் போலீஸ் 'கேங்ஸ் மேட்ரிக்ஸ்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. பெயர்கள் பள்ளிக்கும் வீட்டு வசதித் துறைக்கும் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கும் போயின. 2018 மே மாதம் ஆம்னஸ்டி ஆராய்ந்து வெளியிட்டது: பட்டியலில் 78 சதவீதம் கறுப்பினத்தார். அதே நவம்பரில் தகவல் ஆணையர் அலுவலகம் சட்ட மீறல்களைக் கண்டு திருத்தச் சொன்னது. 2024-இல் பட்டியலையே கைவிட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் பார்க்காமல் இது நடந்திருக்காது.

*

அப்படிப் பார்க்கப் பணம் வேண்டும். கனடாவில் அந்தரங்க ஆணையர் அலுவலகமே 2004 முதல் பல்கலைக்கழகங்களுக்கும் மக்கள் அமைப்புகளுக்கும் அந்தரங்கம் பற்றி ஆராயப் பணம் தருகிறது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டாலர்.

இங்கே காவல் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகம் 1970 முதல் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையும் தருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை உண்டு. ஆனால் அந்தக் கழகம் உள்துறையின் கீழ் இருக்கிறது. பணமும் தகவலைப் பார்க்கும் அனுமதியும் ஒரே வாசலிலிருந்து வந்தால், கசப்பான முடிவை எழுத ஆராய்ச்சியாளருக்குக் கை வருமா? காமன் காஸ், லோக்நிதி அமைப்புகளின் 2023 அறிக்கை கண்காணிப்பு பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டது. பெரிய உதவி. அடுத்து, ஒரு பெயரின் பின்னாலேயே நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் ரூ.250 கோடி வரை போடலாம். வசூலாவது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நாடாளுமன்றம் அதில் ஒரு பங்கை, உள்துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு குழு வழியாக, இந்த ஆய்வுக்கு ஒதுக்கட்டும்.

*

ஒரு பெயரை எதற்காக விலக்குகிறோம் என்று ஊரறியச் சொன்ன உத்திரமேரூர் பக்கத்தில்தான். பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுப்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவர் உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. அந்த விதியை எல்லாரும் பார்க்கும் சுவரில் வெட்டி வைத்தார்கள்.

*

முதல் ஆய்வுக்கு ஒரு கிராம ஸ்டேஷன் போதும். கேட்க வேண்டியவை:

வழக்கு முடிந்த பிறகும் நிற்கும் பெயர்கள் எத்தனை?
அவற்றை யார், எதற்காகத் திறந்து பார்த்தார்கள்?
எந்தச் சமூகத்தார் பெயர் மக்கள்தொகைப் பங்குக்கு மிஞ்சி இருக்கிறது?
பகிர்ந்த தகவலால் உண்மையில் பிடிபட்ட குற்றம் எத்தனை?
தவறான பதிவை நீக்கக் கேட்டவருக்கு என்ன பதில் கிடைத்தது?

கடைசிக்கு முந்தின கேள்விக்கு நல்ல பதில் வந்தால் அது காவல்துறைக்கே பலம். மற்ற நான்குக்கும் பதில் தெரியும்வரை, புதிதாக ஒரு துறையை இந்த வலையில் இணைக்கக் கூடாது.