இறங்காத தொட்டி

ஜப்பானியக் குளியலைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைச் சிலர் படித்திருக்கக்கூடும். ஹினோகி மரத்தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் ஊறிக் கிடக்கும் சுகத்தை அதில் விரிவாக வர்ணித்திருந்தேன். அந்தத் தொட்டியில் நான் இறங்கவே இல்லை.

நாகானோ மாகாணத்தின் கிசோ பள்ளத்தாக்கில், வயதான ஒரு தம்பதியின் வீட்டில் குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்தேன். கிசோ என்றாலே ஹினோகிதான். 20 ஆண்டுக்கு ஒருமுறை ஈசே கோயிலைப் புதிதாகக் கட்ட இந்த மலைகளிலிருந்து மரம் போகிறது. எடோ காலத்தில் ஓவாரி ஆட்சியாளர்களுக்குத் தெரியாமல் ஒரு மரத்தை வெட்டினால் தலை போகும் என்பார்கள். தண்ணீரிலேயே கிடந்தாலும் சீக்கிரம் மட்காத மரம். சூடு பட்டதும் லேசான எலுமிச்சை வாசம் எழும். என் கட்டுரையில் அந்த வாசம் மட்டும் உண்மை.

அங்கே அழுக்குப் போக்குவது தொட்டிக்கு வெளியேதான். சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, துளி நுரையும் மிஞ்சாமல் அலசிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். அதனால் ஒரே தண்ணீரில் வீட்டார் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக ஊறுவார்கள். நடுவில் சூடு ஆறாமல் மூடி போட்டு வைப்பார்கள். மிஞ்சியது துணி துவைக்க ஆகும். விருந்தாளிக்குத்தான் முதல் முறை. நான் அடக்கம் காட்டப்போய், "பெரியவர் முதலில் குளிக்கட்டும்" என்றேன். அதுவே வழக்கமாகிவிட்டது.

மூடியைத் திறந்தால் அடிப்பலகை தெரியும், அவ்வளவு தெளிந்த தண்ணீர். ஆனாலும் இன்னொருவர் ஊறிய தண்ணீர் என்ற நினைப்பில் கால் உள்ளே போகாது. முக்காலியிலேயே குளித்துவிட்டு, வாளியால் தொட்டித் தண்ணீரை அளைந்து சத்தம் உண்டாக்குவேன். வெளியே வந்து, "ஈ ஓயு தெஷிதா", அருமையான வெந்நீர் என்று அந்த அம்மாவிடம் சொல்வேன்.

சுகாதாரம் பார்க்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆடிப்பெருக்கில் ஊரோடு காவிரியில் முங்கியவன், குற்றாலத்தில் முன்பின் தெரியாதவர்களின் எண்ணெய் முதுகு உரச நின்றவன், என்ன சுகாதாரம் பார்த்தேன்? எனக்குள் இருந்தது தீட்டு. ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டில்லை என்று சிறுவயதில் காதில் விழுந்தது, தேங்கிய தண்ணீரைக் கண்டதும் எழுந்து நின்றது. சாதி பார்க்காதவன் என்று மேடையில் பேசுகிற வாய் இது.

ஊறப் போனவன் இவ்வளவு சீக்கிரம் வருகிறானே என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சூடு அதிகமோ?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அன்றிலிருந்து 42 டிகிரி 40 ஆயிற்று. பனியில் முழங்கால் வலியோடு வரும் பெரியவருக்கு அந்த 42தான் மருந்து. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விருந்தாளிக்காக வெந்நீரின் சூட்டையே குறைக்கும் ஜப்பானிய உபசாரம் என்று கட்டுரையில் ஒரு பத்தி வரும். வாசகர்கள் அதிகம் பாராட்டியது அதைத்தான். ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன்.