மேலண்ணத்துல வாங்கின கடன்

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டலை. ஆணி அதிகம்னு சொன்னா நம்பிடுவீங்க, ஆனா காரணம் அது இல்லை. வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லி டாக்டர் ஆர்டர். (எங்க டேமேஜர் ரெண்டு வருஷமா இதைத்தான் சொல்றார். இப்ப காசு கொடுத்துக் கேட்டுக்கிட்டேன்.)

ஈறுல ஆபரேஷன் மக்களே. ஈறுக்கெல்லாம் ஆபரேஷனான்னு கேக்காதீங்க, நானும் அப்படித்தான் கேட்டேன்.

ஆரம்பிச்சது ஒரு ஜிகர்தண்டாவுல. முதல் வாய் குடிச்சதும் மேல் வரிசை இடது பக்கக் கோரைப்பல்லுல கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு சுரீர். சொத்தையா இருக்கும்னு நெனச்சு பாத்ரூம் கண்ணாடியில உதட்டைத் தூக்கிப் பார்த்தா சொத்தை எதுவும் இல்லை. ஆனா பல்லு பழைய போட்டோல இருக்கறதைவிட நீளமா இருக்கு. இந்த வயசுல பல்லு வளருமா என்ன?

"பல்லு வளரலைங்க, ஈறு மேல ஏறிருச்சு"ன்னாங்க டாக்டர். பொதுவா பல் பிடுங்கறவங்க இல்லை, ஈறுக்குன்னே தனியா எம்டிஎஸ் படிச்சவங்க. கோடு போட்ட ஒரு மெல்லிசு கம்பியை வெச்சு அளந்து கோரைப்பல்லுல 4 மில்லிமீட்டர், பக்கத்துப் பல்லுல 3ன்னு குறிச்சுக்கிட்டாங்க. வெளிய தெரியற பல்லுக்கு எனாமல் கவசம் உண்டு. ஈறுக்குள்ள மறைஞ்சிருக்கற வேருக்கு அது கிடையாது. ஈறு விலகினா வேர் வெளிய வந்துடும். அதுல கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான குழாய்ங்க இருக்கு. சில்லுன்னு ஏதாவது பட்டா உள்ள இருக்கற திரவம் அசைஞ்சு நரம்பை இழுக்கும். அதான் சுரீர்.

அடுத்து ஒரு பொம்மைத் தாடையையும் பிரஷ்ஷையும் கையில கொடுத்து, "எப்படி விளக்குவீங்க, காட்டுங்க"ன்னாங்க. காட்டினேன். அஞ்சு செகண்ட்ல நிறுத்தச் சொல்லிட்டாங்க.

"பாத்திரம் தேய்க்கிறீங்களா?"

வலது கைக்காரங்களுக்கு இடது பக்கக் கோரைப்பல் கிட்டதான் அழுத்தம் அதிகமா விழுமாம். எனக்கு இயற்கையிலயே ஈறு மெல்லிசு வேற. அதுமேல பத்து வருஷம் ஹார்ட் பிரஷ்ஷை வெச்சு, குறுக்கால, தினம் ரெண்டு வேளை தேய்ச்சிருக்கேன். வியாதி வந்து போகலை. நானே தேய்ச்சு எடுத்திருக்கேன். அக்மார்க் சொ.செ.சூ.!

ஏன் அப்படித் தேய்ச்சேன்னா, அதுக்கு ஒரு கொசுவத்தி சுத்தணும்.

எங்கப்பாவுக்கு அம்பது வயசுல வாயில ஒரு பல்லு கிடையாது. கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில கணக்கெழுதிக்கிட்டு இருந்தார். வெத்தலை, பாக்கு, புகையிலை, ஆபீஸ் மேஜை டிராயர்ல எப்பவும் இருக்கும். வலியே இல்லாம ஒவ்வொரு பல்லா ஆடும். ரெண்டு விரலால தானே கழட்டி, கொல்லைப்பக்கம் வீசிட்டு வந்து சாப்பிட உக்காருவார். நான் எட்டாப்பு படிக்கறப்ப மொத்த செட்டு கட்டிக்கிட்டார். ராத்திரி அதை ஒரு டம்ளர் தண்ணியில போட்டு ஜன்னல்ல வைப்பார். தண்ணி குடிக்க எந்திரிச்சா இருட்டுல அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். அந்த டம்ளரைப் பார்த்துதான் முடிவு பண்ணினேன், என் வாயில ஒரு பல்லு போகக்கூடாதுன்னு. அன்னைக்குப் பிடிச்ச பிரஷ்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன ஈறு தானா திரும்பி வளராது. பேஸ்ட் மாத்தினா கூச்சம் குறையலாம், ஈறு இறங்கி வராது. எனக்கு ரெண்டு பல்லுக்கு நடுவுல எலும்பு தேயாம இருந்ததால வேரை முழுசா மூட நல்ல வாய்ப்பு இருக்குன்னாங்க. அதுக்கு வேற இடத்துல இருந்து சதை எடுத்து ஒட்டணும். எங்க இருந்துன்னு கேட்டதுக்கு, வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தைத் தொட்டுக் காட்டினாங்க. அவ்வ்வ்வ்.

முதல்ல ஒரு மாசம் ஒழுங்கா விளக்கக் கத்துக்கிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. சாஃப்ட் பிரஷ், ஈறு ஓரமா 45 டிகிரி சாய்ச்சு, சின்னச் சின்னதா அசைச்சு உருட்டணும். கை அடங்காம ஒட்டுப் போட்டா ஒட்டினதையும் தேய்ச்சு எடுத்துருவேனாம். நியாயம்தான். ஆபீஸ் இன்சூரன்ஸை நம்பிப் போனேன், விபத்துல அடிபட்டாத்தான் பல்லுக்குத் தருவாங்களாம். ஸ்கூட்டியை எங்கயாவது விடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சது உண்மை.

துணைக்கு ஆள் வேணும்னதும் அப்பா கிளம்பி வந்துட்டார். கையில கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட். கோவில்பட்டிக்காரங்க வெறுங்கையோட எங்கயும் போறதில்லை. 2020ல புவிசார் குறியீடு வேற வாங்கியாச்சா, அதுக்கப்புறம் கேக்கவே வேணாம். ஆனா பல்செட்டுக்காரர் ஒருத்தர், வாயில தையல் போடப்போறவன் ஒருத்தன், நடுவுல கடலைமிட்டாய். அது பிரிக்காமலே ஃபிரிட்ஜ் மேல உக்காந்திருந்துச்சு.

ஆபரேஷன்ல வலின்னா ஊசி மட்டும்தான். அதுவும் அண்ணத்துல போடற ஊசி. அங்க சதை எலும்போட இறுக்கமா ஒட்டியிருக்கறதால மருந்து போக இடமே இல்லை. கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைக்க ஒண்ணுமில்லை. அதுக்கப்புறம் ஒண்ணரை மணி நேரம் யாரோ ஒருத்தர் வாய்க்குள்ள தையல் கிளாஸ் நடக்கற மாதிரிதான். மேல்தோலை மூடி மாதிரி திறந்து, அடியில இருக்கற இணைப்புத் திசுவை மட்டும் ஒரு பட்டையா எடுத்துக்கிட்டு, மூடித் தையல் போட்டுடறாங்க. அந்தப் பட்டையைப் பல்லு கிட்ட ஈறுக்கு அடியில செருகி, மேல இருக்கற ஈறைக் கீழ இழுத்து மூடி, அதுக்கும் தையல். 1985ல லாங்கர்ங்கற பேர்ல ரெண்டு பேர் எழுதின முறை இது. வெளிய வந்த வேர்ல ரத்த ஓட்டமே கிடையாது இல்லையா, அப்ப அதுமேல வைக்கற சதை எப்படிப் பிழைக்கும்? அங்கதான் இவங்க மூளை. மேலயும் அடியிலயும் பக்கத்துலயும் இருக்கற உயிருள்ள ஈறுல இருந்து அது குடிச்சுக்கும். முதல் ரெண்டு மூணு நாள் கசியற திரவத்துலயே காலம் தள்ளும், அதுக்குள்ள புது ரத்தக்குழாய் வந்து சேரணும். ஒட்டு கொஞ்சம் அசைஞ்சாலும் எல்லாம் போச்சு. அதனால ரெண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் பிரஷ் கூடாது, ஸ்ட்ரா கூடாது, சூடு கூடாது. முக்கியமா உதட்டைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. எதைத் தொட்டாலும் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கற பொட்டி தட்டற பயலுக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

ரெண்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வாயெல்லாம் உப்புக் கரிக்குதேன்னு எந்திரிச்சு லைட் போட்டா, தலையணை உறையில சிவப்பு. அண்ணத்துல இருந்து ரத்தம். துப்பத் துப்ப வருது. துப்பக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க, அது அந்த நேரத்துல எங்க ஞாபகம் வருது? சத்தம் கேட்டு அப்பா வந்தார். வாயில செட்டு இல்லை, கன்னம் ஒட்டிப்போயி வேற ஆள் மாதிரி இருந்தார்.

"என்னல பண்ணுது?"

எனக்குப் பேச்சு வரலை. ஒட்டு கழண்டுடுச்சு, பல்லு போயிரும், கடைசியில நானும் அந்த டம்ளர்தான், இதுதான் மண்டைக்குள்ள. அவர் டாக்டர் கொடுத்த பேப்பரைக் கண்ணுகிட்டப் பிடிச்சுப் படிச்சார். பஞ்சுத்துணியை நனைச்சு மடிச்சு, "வாயைத் தொற"ன்னு சொல்லி, அவர் விரலாலயே அண்ணத்துல வெச்சு அழுத்திப் பிடிச்சார். இருபது நிமிஷம் விடாம அழுத்தணும்னு போட்டிருந்துச்சு. இன்னொரு கையில வாட்ச். நடுவுல எடுத்துப் பார்க்கலாம்னு நான் சைகை காட்டினப்ப எல்லாம், "சும்மா இருல, இன்னும் ஏழு நிமிசம் கெடக்கு"ன்னார். நின்னுடுச்சு. காலையில டாக்டரைக் கூப்பிட்டா, அண்ணத்துல இப்படி வர்றது உண்டு, சரியாத்தான் செஞ்சிருக்கீங்கன்னாங்க.

அண்ணத்துப் புண்ணை மூட எனக்கு ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தட்டு செஞ்சு கொடுத்திருந்தாங்க. பல்லு வரிசைமேல மாட்டிக்கணும். கழட்டிக் கழுவறப்ப ஒரு டம்ளர்ல போட்டு வெச்சேன். அடுத்த நாள் வாஷ்பேசின் மேல பார்த்தா ரெண்டு டம்ளர். ஒண்ணுல அவர் செட்டு, ஒண்ணுல என் தட்டு. அப்பாவும் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. என் டம்ளர்ல தண்ணி பழசாயிருந்துச்சு போல, மாத்தி வெச்சுட்டுப் போயிட்டார்.

மோர் சாதம், ஆறின ராகிக் கூழ், பால்ல ஊறவெச்ச இட்லின்னு பதினாலு நாள். எதை எவ்வளவு குழைச்சா மெல்லாம முழுங்கலாம்னு அவருக்குத் தெரியாதது இல்லை. பதினாலாம் நாள் தையல் பிரிச்சாங்க. மறுபடி கம்பி வெச்சு அளந்தா பக்கத்துப் பல்லு முழுசா மூடியிருக்கு, கோரைப்பல்லுல அரை மில்லிமீட்டர் பாக்கி. போகப் போக ஈறு கொஞ்சம் தானா இறங்கினாலும் இறங்கும்னாங்க. கலர் இன்னும் சேரலை, உத்துப் பார்த்தா ஒட்டுப்போட்டது தெரியும். ஜிகர்தண்டா இன்னும் முயற்சி பண்ணலை.

அன்னைக்கு என்னை மட்டும் உள்ள விட்டுட்டு அப்பா வெளிய உக்காந்திருந்தார். கிளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல வெச்சு மெதுவாக் கேட்டிருந்தார், "ஏலே, எனக்கும் அப்பமே இப்பிடிச் சதை வெச்சுத் தச்சிருந்தா பல்லு நின்னிருக்குமான்னு அந்தம்மாட்ட கேளு."

கேட்டேன். டாக்டர் சொன்னது ரெண்டு விஷயம். அவருக்கு வந்தது வேற, பல்லைச் சுத்தி எலும்பையே கரைக்கற வியாதி, அதுக்கு இந்த ஒட்டு உதவியிருக்காது. இன்னொண்ணு, ஆரம்பத்துலயே ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணி, புகையிலையையும் விட்டிருந்தா நிறையப் பல்லு இன்னைக்கும் இருந்திருக்கலாம்.

வெளிய வந்ததும் எந்திரிச்சு நின்னு என் வாயைத்தான் பார்த்தார்.

"என்ன சொன்னாக?"

"ஒட்டு போட்டிருந்தாலும் நின்னிருக்காதாம்ப்பா."

"அப்பம் அந்தச் செலவு மிச்சம்"னு சொல்லிட்டு, பையை எடுத்துக்கிட்டு முன்னால நடந்தார்.